என்டிஐஎஸ் பிளான் மேனேஜர் சர்வீஸ்: பிளான் மாறும்போதுதான் அவங்க யாருன்னு தெரியும்

முதல்லயே முடிவ சொல்லிடறேன். ஆஸ்திரேலியாவுல என்டிஐஎஸ் (மாற்றுத்திறனாளிகளுக்கு வேண்டிய உதவிக்கு அரசாங்கம் காசு குடுக்கற திட்டம்) பிளான், அதாவது அதுல ஒருத்தருக்குன்னு ஒதுக்கற பட்ஜெட், இருக்கற குடும்பம் அந்த காசுக் கணக்கையும் பில்லையும் பாத்துக்க பிளான் மேனேஜர் வெச்சுக்கறது கண்டிப்பா நல்லது. ஆனா யார வெச்சுக்கறதுன்னு பாக்கறப்போ "இன்வாய்ஸ் எத்தன நாள்ல பே பண்ணுவீங்க"ன்னு மட்டும் கேட்டுட்டு கையெழுத்து போட்டுடாதீங்க. பில்லு கட்டறத எல்லாரும் ஓரளவு ஒழுங்காத்தான் பண்றாங்க. பிளான் நடுவுல மாறுது, பட்ஜெட் தலைப்பு மாறுது, காசு ரிலீஸ் ஆகற தேதி மாறுது, அந்த நேரத்துல அவங்களா ஃபோன் பண்ணி நமக்கு முன்கூட்டியே சொல்றாங்களா இல்ல நாம கேட்டா மட்டும் பதில் சொல்றாங்களா, எல்லாமே அதுலதான் இருக்கு. ரெண்டு கம்பெனிகிட்ட இருந்து பாத்துட்டுதான் இத எழுதறேன்.

நாங்க சிட்னில டூங்கேபி பக்கம் இருக்கோம். எங்க பையனுக்கு 17 வயசு, செரிப்ரல் பால்ஸி, வீல்சேர்லதான் இருப்பான், பேச்சு கம்மி, சிரிப்பு ஜாஸ்தி. ரெண்டு கம்பெனி பேரையும் நான் சொல்லப்போறதில்ல, ஒரே கம்பெனில ஒருத்தருக்கு நல்ல ஆள் கிடைக்கும், இன்னொருத்தருக்கு கிடைக்காது, அதனால பேர விட என்ன பாக்கணும்ங்கறதுதான் மத்தவங்களுக்கு உபயோகம்.

புதுசா உள்ள வர்றவங்களுக்காக கொஞ்சம் சொல்லிட்டு மேல போறேன். என்டிஐஎஸ் 2013 சட்டத்துல வந்த திட்டம், இப்போ 7 லட்சம் பேருக்கு மேல இதுல இருக்காங்க. விண்ணப்பிக்கறப்போ 65 வயசுக்குள்ள இருக்கணும், சிட்டிசனாவோ பெர்மனன்ட் ரெசிடென்ட்டாவோ இருக்கணும் (நியூசிலாந்துக்காரங்கள்ல சில பேருக்கு இருக்கற ப்ரொடெக்டட் விசாவும் சரி). டெம்பரரி விசாவுலயும் பிரிட்ஜிங் விசாவுலயும் இருக்கற நம்ம குடும்பங்களுக்கு இது கிடையாது, எத்தனையோ வருஷமா இந்த ஊர்லயே இருக்கற ஈழத்துக் குடும்பங்க கூட இதனால வெளிய நிக்கறாங்க, அது எனக்கு மனசு ஆறாத விஷயம். பிளான் கிடைச்சதும் அந்த காச மூணு வழில நடத்தலாம். நாமளே நடத்தலாம், என்டிஐஎஸ்ஸ நடத்தற அரசாங்க ஏஜென்சியே நடத்தலாம், இல்ல பிளான் மேனேஜர் நடத்தலாம். நாமளே நடத்தினா சுதந்திரம் ஜாஸ்தி, ஆனா ஒவ்வொரு பில்லும் ரசீதும் நம்ம தலைல. ஏஜென்சி நடத்தினா என்டிஐஎஸ்ல பதிவு பண்ண ப்ரொவைடர்கிட்ட (தெரபி, ஆள் உதவின்னு சேவை தர்றவங்க) மட்டும்தான் போக முடியும். பிளான் மேனேஜர் நடுவுல. பதிவு பண்ணாதவங்ககிட்டயும் போகலாம், ஆனா என்டிஐஎஸ் போட்டிருக்கற உச்ச விலைக்கு மேல அவங்க பே பண்ண மாட்டாங்க. இதுக்கு ஆகற மாசக் கட்டணம் 2025-26ல 104.45 டாலர், அது பிளான்லயே தனி வரியா வந்துடும், பையனோட தெரபி காசுலேர்ந்தோ நம்ம பாக்கெட்லேர்ந்தோ போகாது. இது தெரியாம "நமக்கு எதுக்கு வீண் செலவு"ன்னு வேண்டாம்னு சொல்ற குடும்பங்கள நான் பாத்திருக்கேன், அதனாலதான் அழுத்தி சொல்றேன்.

முதல் கம்பெனி பெரிய கம்பெனி. நல்ல போர்ட்டல், நல்ல ஆப், இன்வாய்ஸ் மெயில்ல அனுப்பினா சீக்கிரமே பே ஆயிடும், பிசியோவும் சரி சப்போர்ட் வொர்க்கர் ஏஜென்சியும் சரி ஒரு நாளும் "காசு வரல"ன்னு எங்கள கூப்பிட்டதில்ல. ரொம்ப நாள் நல்லாத்தான் போச்சு. பிரச்சனை வந்தது பையனோட பிளான் புதுப்பிச்சு வந்தப்போ. 2025 மே 19க்கு அப்புறம் வர்ற பிளான்கள்ல ஃபண்டிங் பீரியட்னு ஒண்ணு இருக்கு. முன்னெல்லாம் வருஷத்துக்கான காசு மொத்தமா முதல் நாளே கணக்குல நிக்கும், இப்போ பெரும்பாலும் 3 மாசத்துக்கு ஒரு தடவ கொஞ்சம் கொஞ்சமா திறக்குது. அந்த பீரியட்ல மிச்சம் ஆனா அடுத்த பீரியட்டுக்குப் போகும், ஆனா அடுத்த பீரியட் காச இப்போ எடுக்க முடியாது. பிளானே முடிஞ்சா மிச்சம் அதோட சரி, அடுத்த பிளானுக்கு வராது.

இது எங்க கைல வந்த பிளான்லயும் எழுதிதான் இருந்துச்சு, ஆனா பட்ஜெட்ட மாசாமாசம் பாத்துட்டு இருக்கற பிளான் மேனேஜருக்கு இது எங்க வீட்ட எப்படி பாதிக்கும்னு தெரியும்ல. பள்ளிக்கூடம் நடக்கற மாசத்துல எங்களுக்கு சப்போர்ட் வொர்க்கர் கம்மியாதான் வேணும், காலைல குளிக்க வைக்க, சாயங்காலம் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். டிசம்பர் ஜனவரி லீவுல பையன் நாள் முழுக்க வீட்டுல, அப்போ ரெண்டு மடங்குக்கு மேல ஆகும். பழைய இன்வாய்ஸ் எல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு, ஒரு வரி மெயில் போட்டிருந்தா போதும், "முதல் ரெண்டு பீரியட்ல கொஞ்சம் சேத்து வெச்சுக்கோங்க, லீவுக்கு வேணும்"னு. வரல. லீவு நடுவுல சப்போர்ட் வொர்க்கர் ஏஜென்சிலேர்ந்து ஃபோன், "உங்க பிளான்ல காசு இல்லன்னு இன்வாய்ஸ் திரும்பி வந்துடுச்சு, நாங்க ஷிஃப்ட்ட நிறுத்தி வெக்கறோம்"னு. பிளான் மேனேஜர கூப்பிட்டா ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள், ஒவ்வொருத்தருக்கும் முதல்லேர்ந்து கதை சொல்லணும், கடைசில "பேலன்ஸ் போர்ட்டல்ல தெரியுமே"ன்னு ஒரு பதில். தெரியும்தான். ஆனா போர்ட்டல்ல காட்டறது இன்னைக்கு இருக்கற காசு. பிப்ரவரி வரைக்கும் தாங்குமான்னு அது சொல்லாது, அத ஒரு மனுஷன்தான் பாத்து சொல்லணும்.

அந்த வாரங்கள்ல எங்க வீட்டுக்காரர்தான் பையன தூக்கி மாத்தினார். 17 வயசுப் பையன், என் உயரத்த தாண்டிட்டான். அவருக்கு ஏற்கனவே முதுகுல டிஸ்க் பிரச்சனை, அதுக்கப்புறம் ஆபரேஷன் வரைக்கும் போச்சு. இதுக்கு அந்த கம்பெனிதான் காரணம்னு நான் சொல்லல, முதுகு பல வருஷமா கெட்டுட்டுதான் வந்துச்சு. ஆனா ஒரு ஃபோன் கால் எவ்வளவு பெரிய விஷயம்னு அப்போ புரிஞ்சுது.

ரெண்டாவது கம்பெனி சின்னது. பெண்டில் ஹில்ல கடைக்குப் போனப்போ இதே மாதிரி மகள் இருக்கற ஒரு அம்மா சொல்லிதான் தெரியும். மாத்தறது ஒண்ணும் பெரிய வேலையில்ல, பழைய கம்பெனியோட அக்ரிமெண்ட்ல எத்தன நாள் நோட்டீஸ்னு பாத்து எழுத்துல குடுக்கணும், நிலுவைல இருக்கற இன்வாய்ஸ் எல்லாம் அவங்க முடிக்கறாங்களான்னு கேட்டு வாங்கிக்கணும், ப்ரொவைடர் எல்லாருக்கும் புது மெயில் ஐடி சொல்லணும். நடுவுல ஒரு இன்வாய்ஸ் ரெண்டு பக்கமும் இல்லாம தொங்காம பாத்துக்கணும், அவ்வளவுதான். பிளான் முடியற வரைக்கும் காத்திருக்கணும்னு நிறைய பேர் நெனக்கறாங்க, தேவையே இல்ல.

இங்க எங்களுக்குன்னு ஒரே ஆள். யாழ்ப்பாணத்துப் பொண்ணு, இங்கயே படிச்சு வளந்தவங்க, தமிழ்லயே பேசுவாங்க. முதல் கால்லயே எங்க பிளான திறந்து வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியா சொன்னாங்க. "அக்கா, உங்கட காசு முடியேல்ல, இந்தப் பீரியட்டுக்கு விட்ட காசுதான் முடிஞ்சது, அடுத்தது துவங்கினவுடன திருப்பி வரும், பயப்பிடாதேங்கோ"ன்னு அவங்க சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு, அத்தன நாள் யாருமே அந்த ஒரு வாக்கியத்த சொல்லல. அப்புறம் கோர் பட்ஜெட் எங்கெல்லாம் வளையும், கெப்பாசிட்டி பில்டிங் எங்க வளையாதுன்னு சொன்னாங்க. கோர்ல இருக்கற காச பெரும்பாலும் தினசரி உதவிக்கும் வெளிய கூட்டிட்டுப் போறதுக்கும் மாத்தி மாத்தி பயன்படுத்தலாம், சிலது மட்டும் குறிப்பிட்டு போட்டிருப்பாங்க. தெரபிக்குன்னு கெப்பாசிட்டி பில்டிங்ல வர்ற காசு அதுக்கு மட்டும்தான், கேப்பிட்டல்ல வீல்சேருக்குன்னு வந்தது வீல்சேருக்குதான். ஒரு தலைப்புல நிறைய இருக்கே இன்னொண்ணுக்கு எடுத்துக்கலாம்னு நாமளா நெனச்சுட்டு ப்ரொவைடர்கிட்ட ஒத்துக்கிட்டா அப்புறம் அந்த பில் நம்ம கைலதான் வந்து நிக்கும்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், பிளான் மாத்தச் சொல்லி கேக்கறது. வீட்டுக்காரர் இனிமே தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, அப்போ காலைலயும் ராத்திரியும் ஹாயிஸ்ட் (ஆள தூக்கி மாத்தற கருவி) ஓட்டத் தெரிஞ்ச ஆள் வேணும், அதுக்கு பிளான்ல இருக்கற மணி நேரம் பத்தாது. நம்ம ஆளுங்க இத எல்லாத்தையும் ஒரே வார்த்தைல "ரிவ்யூ கேட்டிருக்கோம்"னு சொல்லுவாங்க. ஆனா இது மூணு தனித்தனி கதவு, தப்பான கதவ தட்டினா மாசக்கணக்குல போகும்.

முதல் கதவு வேரியேஷன். இருக்கற பிளான் அப்படியே இருக்கும், அதுல ஒரு சின்ன மாத்தம் மட்டும் பண்ணுவாங்க, பிளான் மேனேஜ்மெண்ட் வகைய மாத்தறது, எழுத்துப் பிழை மாதிரி தப்ப சரி பண்றது, கொட்டேஷன் வந்த ஒரு கருவிக்கு காசு சேக்கறது, அவசரமா உதவி தேவைப்படற நிலைமை, இப்படி. மத்த எதுலயும் கை வைக்க மாட்டாங்க. இது 2022 ஜூலைலேர்ந்து சட்டத்துல தனியா இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு சின்ன திருத்தத்துக்கு கூட முழு பிளானையும் புதுசா போடணும்.

ரெண்டாவது ரீஅசெஸ்மெண்ட். நிலைமை மாறிடுச்சு, இந்த பிளானே போதாதுன்னு கேக்கறது. நாம கேட்டா 21 நாளைக்குள்ள பண்றோமா இல்லையான்னு முடிவு சொல்லணும், பண்றோம்னு சொன்னா அப்புறம் 28 நாள்ல முடிக்கணும்னு விதி இருக்கு. இங்க ஒண்ணு மனசுல வெச்சுக்கணும், ரீஅசெஸ்மெண்ட்னா முழு பிளானையும் திரும்ப முதல்லேர்ந்து பாப்பாங்க, நாம கேட்ட ஒரு வரிய மட்டும் இல்ல. கூடவும் வரலாம், அப்படியே இருக்கலாம், வேற ஒரு இடத்துல குறையவும் செய்யலாம். அதனால கேக்கறதுக்கு முன்னாடி மத்த வரிகளுக்கும் நம்ம கைல ரிப்போர்ட் இருக்கான்னு பாத்துக்கணும். பேச்சு தெரபி காச பாதி செலவு பண்ணாம வெச்சுட்டு, "அது வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்ததால செலவாகல"ன்னு எழுதிக் குடுக்காம விட்டா, தேவையில்ல போலன்னு அவங்க நெனக்க வாய்ப்பிருக்கு.

மூணாவது இன்டர்னல் ரிவ்யூ. நிலைமை எதுவும் மாறல, ஆனா வந்த பிளான் முடிவே சரியில்லன்னா இதுதான் வழி. முடிவு கைக்கு வந்த 3 மாசத்துக்குள்ள கேட்டாகணும். அதுலயும் ஒத்துக்கலன்னா அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ ட்ரிப்யூனல், 2024 அக்டோபர் 14லேர்ந்து ஏஏடிங்கற பழைய அப்பீல் ட்ரிப்யூனலுக்கு பதிலா வந்தது, அங்க போக 28 நாள் டைம். இந்த 3 மாசக் கணக்க தவறவிட்ட குடும்பங்கள எனக்கு நேர்லயே தெரியும், அவங்களோட பிளான் மேனேஜர் ஒரு வார்த்த சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பாங்க.

எங்களோடது ரெண்டாவது கதவுதான்னு அந்தப் பொண்ணு ஒரே கால்ல தெளிவு பண்ணாங்க. அதோட எனக்கு அவங்ககிட்ட ரொம்பப் பிடிச்சது அவங்க எல்லைய சொன்ன விதம். ஃபாரத்துல என்ன எழுதறதுன்னு நான் கேட்டதுக்கு "அக்கா, அது நான் எழுதித் தரேலாது, என்ர வேலை காசுக் கணக்கு. உங்கட சப்போர்ட் கோஆர்டினேட்டர் இருந்தா அவையிட்ட கேளுங்கோ, இல்லாட்டி அட்வகேட் இருக்கினம், காசு வாங்க மாட்டினம்"னாங்க. (கோஆர்டினேட்டர்னா பிளான எப்படி பயன்படுத்தறதுன்னு ஏற்பாடு பண்ணித் தர்றவங்க, அட்வகேட்னா இங்க வக்கீல் இல்ல, மாற்றுத்திறனாளிகளுக்காகப் பேசறவங்க.) எல்லாம் நாங்களே பண்ணித் தர்றோம்னு சொல்றவங்கள விட இப்படி சொல்றவங்கள நம்பலாம். அவங்க குடுத்தது ஒரு அட்டவணை, போன பிளான்ல மாசாமாசம் எந்த தலைப்புல எவ்வளவு செலவு, அப்பா தூக்கிட்டிருந்த மணி நேரத்துக்கு இப்போ ஆள் போட்டா எவ்வளவு ஆகும், இருக்கற காசு எந்த மாசத்தோட தீரும். ரெண்டு பக்கம்தான். நாங்க விண்ணப்பத்தோட குடுத்ததுலயே உருப்படியான தாள் அதுதான்னு நெனக்கறேன், ஏன்னா டாக்டர் லெட்டர் உடம்பப் பத்தி சொல்லும், இது மணி நேரத்தப் பத்தியும் காசப் பத்தியும் சொல்லுது.

இன்னொரு உதவி, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ரிப்போர்ட்டுக்கு காசு ஒதுக்கி வெக்கச் சொன்னது. தினசரி வேலைல பையனால என்ன முடியும், என்ன முடியாதுன்னு அவங்க பாத்து எழுதற ஃபங்ஷனல் அசெஸ்மெண்ட் ரிப்போர்ட் இல்லாம மாத்தம் கேக்கறது கஷ்டம், அந்த தெரபிஸ்ட்டுக்கு 2025-26ல மணிக்கு 193.99 டாலர் வரைக்கும் போகும், வீட்டுக்கு வந்து பாத்து, எழுதி முடிக்க பல மணி நேரம் ஆகும். தெரபி பட்ஜெட்ட வாராவாரம் செஷனுக்கே தீத்துட்டா ரிப்போர்ட் எழுத காசே இருக்காது. பிளான் ஆரம்பிக்கும்போதே இதுக்குன்னு கொஞ்சம் பூட்டி வைங்கன்னு சொல்லி, போர்ட்டல்ல தனியா குறிச்சும் வெச்சாங்க.

நம்ம குடும்பங்களுக்கு இங்க ஒரு விஷயம் தனியா சொல்லணும். என்டிஐஎஸ் ஆளுங்களோட பிளான் மீட்டிங்ல "வீட்டுல யார் பாத்துக்கறாங்க"ன்னு கேட்டா நம்ம வாய் தானா "நாங்க பாத்துக்குவோம், பிரச்சனை இல்ல"ன்னு சொல்லிடும். புள்ளைய பாரம்னு சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு பயம், வெளி ஆள்கிட்ட வீட்டுக் கஷ்டத்த சொல்லக் கூடாதுன்னு வளந்த வளப்பு. ஆனா அவங்க அத எழுதிக்கறது, குடும்பத்தோட உதவி போதுமான அளவு இருக்குன்னு. குடும்பம் எவ்வளவு செய்யும்னு எதிர்பாக்கறது நியாயம்ங்கறதையும் சேத்துப் பாத்துதான் சட்டப்படி முடிவு பண்றாங்க. ராத்திரி எத்தன தடவ எழுந்து பையன திருப்பிப் படுக்க வெக்கறோம், அடுத்த நாள் வேலைக்குப் போக முடியுதா, மாமியாருக்கு எழுபது வயசுக்கு மேல ஆச்சு, அவங்கள நம்பி விட முடியுமா, இதெல்லாம் உண்மை, உண்மைய சொல்றதுல அவமானம் ஒண்ணும் இல்ல. இங்கிலீஷ்ல சொல்லத் தயக்கமா இருந்தா 131 450ன்னு டிஐஎஸ் நம்பர கூப்பிட்டு தமிழ் இன்டர்ப்ரெட்டர் கேக்கலாம், நமக்கு காசு கிடையாது. மாமியாரும் மீட்டிங்ல தமிழ்ல அவங்களே பேசினாங்க, நான் மொழிபெயர்த்து சொல்லியிருந்தா பாதியத்தான் சொல்லியிருப்பேன்.

புது பிளான் வந்துச்சு, கோர்ல மணி நேரம் கூடியிருந்துச்சு, ஹாயிஸ்ட்டுக்கும் வழி ஆச்சு. நிறைய பேருக்குத் தெரியாத சிக்கல் அதுக்கப்புறம்தான். பழைய பிளான் இன்னும் மாசங்கள் இருக்கும்போதே புதுசு வந்தா பழசு அந்த தேதியோட நின்னுடும். இன்வாய்ஸ் என்னைக்கு வந்ததுங்கறது கணக்கு இல்ல, வேலை என்னைக்கு நடந்ததுங்கறதுதான் கணக்கு. பழைய பிளான் முடியறதுக்கு முந்தின நாள் நடந்த பிசியோ செஷன் பழைய பிளான்லேர்ந்துதான் போகணும், இன்வாய்ஸ் ஒரு மாசம் கழிச்சு வந்தாலும் சரி. பழைய பிளான்ல அதுக்கு காசு இருக்கும், புதுசுல அந்த தேதிக்கு இடமே இருக்காது. ஒரே இன்வாய்ஸ்ல ரெண்டு பிளான் தேதியையும் கலந்து போட்டா திரும்பி வந்துடும். இத ரெண்டாவது கம்பெனி புது பிளான் வந்த வாரமே எங்க ப்ரொவைடர் எல்லாருக்கும் மெயில் போட்டு, இந்த தேதி வரைக்கும் ஒரு இன்வாய்ஸ், இதுக்கப்புறம் தனி இன்வாய்ஸ்னு சொல்லிட்டாங்க. எங்களுக்கு அது நடந்ததே தெரியல, எல்லாம் பே ஆயிடுச்சு. பிளான் மேனேஜர்னா இதுக்குத்தான் வெச்சுக்கறோம். (கிளெயிம் போட ரெண்டு வருஷம் வரைக்கும் டைம் இருக்குன்னு இப்போ சட்டம் சொல்லுது, அதுக்காக யாரும் அவ்வளவு நாள் விடாதீங்க, பழைய பிளான் பேலன்ஸ் என்னன்னு கணக்கே புரியாம போயிடும்.)

விலை மாறுறப்பவும் இதே மாதிரிதான். ஒவ்வொரு ஜூலையும் உச்ச விலை மாறும். 2025 ஜூலைலேர்ந்து பிசியோ 193.99லேர்ந்து 183.99க்கு இறங்கிச்சு, தெரபிஸ்ட் வீட்டுக்கு வர்ற பயண நேரத்துக்கு பாதி விலைதான்னு ஆச்சு, சப்போர்ட் வொர்க்கர் வாரநாள் பகல் மணி நேரம் 70.23 ஆச்சு. நம்ம பிளான்ல இருக்கற காசு அதுக்கேத்த மாதிரி எல்லா வருஷமும் கூடும்னு நம்பி இருக்க முடியாது. அந்தப் பொண்ணு எங்களுக்குப் போட்டுக் காட்டின கணக்கு இப்பவும் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு: ஞாயித்துக்கிழம ரேட் 127.43, 5 மணி நேரத்துக்கு ஆகற காசுல வாரநாள்ல 9 மணி நேரம் ஆள் போடலாம். ஞாயித்துக்கிழம நாங்க எல்லாரும் வீட்டுல இருக்கோம், மாமா மச்சான்னு வந்து போற ஆளுங்களும் இருக்காங்க, அதனால அந்த ஷிஃப்ட்ட எடுத்து செவ்வாய் வியாழன் காலைக்குப் போட்டோம். பட்ஜெட் ஒரு டாலர் கூடல, ஆனா உதவி கூடிச்சு. எல்லா வீட்டுக்கும் இது சரிவராது, ஞாயித்துக்கிழமதான் பையன் வெளிய நண்பர்களோட போவான்னா அந்த நாள எடுக்காதீங்க.

குறையும் சொல்லிடறேன். ரெண்டாவது கம்பெனிக்கு ஆப் கிடையாது, போர்ட்டல் ஃபோன்ல திறந்தா எழுத்து பொடிப்பொடியா இருக்கும். சனி ஞாயிறு யாரும் ஃபோன் எடுக்க மாட்டாங்க. இன்வாய்ஸ் பே ஆகறதும் முதல் கம்பெனிய விட ஒண்ணு ரெண்டு நாள் லேட்தான், சின்ன ப்ரொவைடர், தனி ஆளா வேலை பாக்கற சப்போர்ட் வொர்க்கர் இவங்களுக்கெல்லாம் அது கஷ்டம், வாரக் கூலிய நம்பி இருக்கறவங்க. அந்தப் பொண்ணு லீவுல போனா பதிலுக்கு வர்றவங்க நல்லவங்கதான், ஆனா எங்க கதை தெரியாது, தமிழும் தெரியாது. மாச ஸ்டேட்மெண்ட் இங்கிலீஷ்ல மட்டும்தான், மாமியாருக்குப் படிச்சு சொல்ல வேண்டியிருக்கு. மை என்டிஐஎஸ் ஆப்ல பட்ஜெட் பாக்கலாமேன்னு கேப்பீங்க, பாக்கலாம், ஆனா இன்னும் கிளெயிம் போடாத இன்வாய்ஸ் அதுல தெரியாது, அதனால அங்க காட்டற நம்பர நம்பி புதுசா ஷிஃப்ட் சேத்துடாதீங்க, பிளான் மேனேஜர்கிட்ட நிலுவைல என்னெல்லாம் இருக்குன்னு கேட்டுட்டு சேத்துக்கோங்க.

சேர்றதுக்கு முன்னாடி எந்த கம்பெனிகிட்டயும் நேரடியா கேக்கலாம். எங்களுக்குன்னு ஒரு ஆள் இருப்பாங்களா, ஃபண்டிங் பீரியட் முடியறதுக்கு முன்னாடியே காசு தீரும்னு தெரிஞ்சா எப்போ சொல்லுவீங்க, பிளான் மாறினா எங்க ப்ரொவைடருக்கு யார் தகவல் சொல்றது, பே பண்றதுக்கு முன்னாடி இன்வாய்ஸ நாங்க பாத்து ஓகே சொல்ல முடியுமா. இந்த கடைசி கேள்விக்கு முடியாதுன்னு சொன்னா சேராதீங்க, வராத ஷிஃப்ட்டுக்கு பில் வந்தா வீட்டுல இருக்கற நமக்குத்தான் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. 2024 அக்டோபர் 3லேர்ந்து எதுக்கெல்லாம் என்டிஐஎஸ் காசு குடுக்கலாம், எதுக்கு கூடாதுன்னு பட்டியல் வந்திருக்கு, சந்தேகமான ஒண்ணு வாங்கறதுக்கு முன்னாடி கேட்டா பதில் எழுத்துல வருமான்னும் கேளுங்க. அதே கம்பெனியே சப்போர்ட் கோஆர்டினேஷனும் சப்போர்ட் வொர்க்கரும் எல்லாம் நாங்களே தர்றோம்னு சொன்னா கொஞ்சம் நின்னு யோசிங்க. பில் போடறவங்களும் பில்ல சரிபாக்கறவங்களும் ஒரே வீட்டுக்குள்ள இருக்கறது எனக்கு சரியா படல.

எங்க பையனுக்கு 18 ஆகப்போகுது. 18 ஆனதும் அம்மா அப்பாங்கறதால மட்டும் அவன் பிளானப் பத்தி நாங்க பேசிட முடியாது, அவன் பெரியவன், முடிவு அவனோடது, எங்கள நாமினியா, அதாவது அவன் சார்பா பேசற ஆளா, போடணும்னா அதுக்கு தனியா விண்ணப்பிக்கணும், அதுலயும் அவன் விருப்பம் என்னன்னு கேப்பாங்க. இதையும் அந்தப் பொண்ணுதான் பல மாசம் முன்னாடியே ஞாபகப்படுத்தினாங்க, அதோட "தம்பியிட்டயும் ஒருக்கா கேட்டுப் பாருங்கோ அக்கா, அவருக்கு ஆர் வேணும் எண்டு"ன்னாங்க. கேட்டோம். காலைல வர்ற சப்போர்ட் வொர்க்கர்ல ஒருத்தர மாத்தச் சொல்லி அவன் கம்யூனிகேஷன் போர்ட்ல காட்டினான், மாத்திட்டோம்.

முதல் கம்பெனிக்கு 5க்கு 2, பில் கட்டின ஒழுங்குக்காக. ரெண்டாவதுக்கு 4. மீதி ஒண்ணு சனி ஞாயிறுக்கு ஒரு நம்பர் குடுத்தாங்கன்னா போடறேன்.